தீப்பெட்டியில் ஒன்பது நாள்

வாலிநோக்கம் அளத்தில் மோட்டார் போடுகிறவன் நான்.
மும்முனைக் கரண்ட் வந்ததும் சுவிட்சைத் தட்டினால்
கடல் ஓடைக்கு ஏறும்,
ஓடையிலிருந்து தெப்பத்துக்கு.
அப்புறம் எனக்கு வேலை
வரப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது.

வரப்பு ஒன்றரை முழ அகலம்.
குடித்தனம் ஏராளம்.

ஆடிக் கச்சான் உப்பு ஈக்களை ஒதுக்கி வைக்கும்
பாத்தியின் வடகிழக்கு மூலையில்,
காப்பித்தூள் கொட்டிய மாதிரி.
அங்கேதான் புலிவண்டு வரும்.
ஓடும்.
ஓடும்போது அதற்குக் கண் தெரியாது, அவ்வளவு வேகம்.
சட்டென நின்று, ஈ எங்கே என்று பார்த்து
மறுபடி ஓடும்.
நாலாவது நிறுத்தத்தில் தாடை மூடும்.
ஒரு சிறகு மட்டும் காற்றோடு போகும்.

அதன் புழு சேற்றில் செங்குத்தாய்த் துளை போட்டு
தன் தலையையே மூடியாக்கிக் காத்திருக்கும்.
ஒருநாள் ஈர்க்குச்சியால் சீண்டினேன்.
குச்சியைப் பிடித்து இழுத்தது,
கிணற்றுக்குள் இறங்கினவன் கயிற்றை இழுக்கிற மாதிரி.
நான்தான் விட்டேன்.

உமரிச் செடி அடியில் வலை கட்டாத சிலந்தி.
சின்னச் சிலந்தியை வண்டு தின்னும்.
பெரிய சிலந்தி வண்டைத் தின்னும்.
யாருக்கு மேலே யார் என்று எழுதிப் பார்த்தேன்,
டீசல் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில்.
அம்புக்குறிகள் ஒன்றையொன்று கடித்துக்கொண்டன.
உடம்பு அளவைப் பொறுத்தது அது,
பொழுதைப் பொறுத்தது,
அன்றைக்கு யார் தோல் உரித்து
மெத்தென்று கிடக்கிறார் என்பதைப் பொறுத்தது.

குளவி வந்தது ஒரு வியாழக்கிழமை மத்தியானம்.
கருநீல உடம்பு, துருப்பிடித்த இறக்கை.
சிலந்தி முன்காலைத் தூக்கி நின்றது.
ஒரே கொட்டு.
நின்ற நிலையிலேயே மடங்கிப்போனது.
தன்னைவிடக் கனமான அதைப்
பின்னோக்கி இழுத்துக்கொண்டு போன குளவி
உமரித் தண்டில் தொங்கவிட்டுவிட்டுத்
தன் குழியைச் சரிபார்க்கப் போனது.

அந்த இடைவெளியில்
எறும்பு வந்திருக்கும் வழக்கமாக.
அன்றைக்கு நான் வந்தேன்.

குச்சிகளைச் சட்டைப்பையில் கொட்டிவிட்டுப்
பெட்டிக்குள் சிலந்தியை வைத்தேன்.
ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது.
குளவி திரும்பி வந்தது.
தண்டில் ஏறியது, இறங்கியது.
சுற்றியது, வட்டத்தைப் பெரிதாக்கிச் சுற்றியது,
என் செருப்பின் மேல் ஏறிப் போனது.
கரண்ட் நிற்கும்வரை தேடியது.

சிலந்தி சாகவில்லை.
பிழைக்கவும் இல்லை.
தினம் மோட்டார் அறையில் பெட்டியைத் திறப்பேன்.
வயிறு வாடவில்லை, கால் அசையவில்லை.
எட்டுக் கண்ணில் எதனால் என்னைப் பார்க்கிறது,
பார்க்கிறதா?

உப்பு வார வந்த பாகம்பிரியாள்
பெட்டியை எட்டிப் பார்த்தாள்.
"அதுக்கு வீடு குடுத்துட்டே.
ஒன் குச்சியெல்லாம் வேர்வையில நமுத்துப்போச்சு பாரு.
பீடிக்கு நெருப்பு எங்கிட்டக் கேக்காதே."

ஒன்பதாம் நாள், பொழுது சாயும்போது
ஒரு கால் அசைந்தது.
பிறகு இன்னொன்று.
எனக்குக் கை நடுங்கியது, பொய் சொல்லவில்லை.
ஓடைக்கரைக்குக் கொண்டுபோய்
ஈரமணலில் கவிழ்த்தேன்.
நாலு கால் ஊன்றியது. ஐந்து.
நடந்தது என்றே சொல்வேன்,
ஒரு விரற்கடை.

மணல் நிறத்தில் இருந்த மணல்
குச்சிக்கண் இரண்டைத் தூக்கியது.
குறுக்காக வந்த நண்டு
வலக்கொடுக்கால் எடுத்து, இடக்கொடுக்கால் பிய்த்து
மாற்றி மாற்றி வாய்க்குக் கொடுத்தது,
அவசரமே இல்லாமல்,
கூலி வாங்கின அன்றைக்கு
நாங்கள் புரோட்டா பிய்ப்பது போல.

நான் கத்தினேனா என்று தெரியவில்லை.
நண்டு ஒரு தரம் நிறுத்திவிட்டுத் தொடர்ந்தது.

தெப்பம் நிறைந்து வரப்பு தாண்டிக்கொண்டிருந்தது.
ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினேன்.
நனைந்த துளைகளிலிருந்து
குமிழி குமிழியாய் வந்தது.

சட்டைப்பைக் குச்சிகளைத்
திரும்பப் பெட்டியில் போடும்போது பார்த்தேன்,
மூலையில் ஒரு கால் கிடந்தது.
நண்டு எண்ணிப் பார்த்துத் தின்றிருக்காது.